எல்லோரும் பார்த்த இடது கண்

எங்கள் தெருவில் அதிகமாகக் கண் சோதனை செய்துகொண்டவர் யார் என்று போட்டி வைத்தால், எங்கள் கடை அக்காவுக்குப் பக்கத்தில் நிற்கக்கூட ஆள் கிடையாது. கண்ணாடிக் கடையின் முன்மேசைதான் அவள் இடம். வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பாள். முகத்துக்குப் பொருந்துகிற ஃப்ரேமை எடுத்துக் காட்டுவாள். தயாரான கண்ணாடியைக் காதில் உறுத்தாதபடி வளைத்து மாட்டிவிடுவாள். இவ்வளவும் சம்பளத்துக்குச் செய்த வேலை. சம்பளம் இல்லாமல் செய்த வேலை ஒன்று உண்டு. பயிற்சிக்கு வருகிற மாணவர்களுக்கு அவள்தான் முதல் நோயாளி.

நான் அந்தக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவன். எனக்கு மூக்குமேல் கோபம் என்று கடையில் ஒரு பேர் உண்டு. நாள் முழுக்க எந்திரம் காதுக்குள் கிறீச்சிடுகிறவனுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? என் அறைக்கும் சோதனை அறைக்கும் நடுவே ஒரு மரத்தடுப்புதான், அதுவும் கூரைவரை போகாது. அங்கே ஊசி விழுந்தால் எனக்கு இங்கே கேட்கும். அதனால் இந்தக் கதையில் பாதியைக் கண்ணால் பார்த்தேன், மீதியைக் காதால் கேட்டேன்.

கண் பரிசோதனைப் படிப்பு படிக்கிற பிள்ளைகளைப் படிப்பு முடிவதற்கு முன் கல்லூரியிலிருந்து எங்களைப் போன்ற தெருக்கடைகளுக்கு அனுப்புவார்கள். சில மாதம் எங்களோடு இருந்து, நிஜ மனிதர்களின் கண்களைப் பார்த்துப் பழக வேண்டும். எங்கள் கடையை நடத்துகிற மேடமும் அதே படிப்புதான். யாராவது "டாக்டரம்மா" என்று கூப்பிட்டால் "நான் டாக்டர் இல்லீங்க, பார்வை சோதிக்கறவ" என்று சளைக்காமல் திருத்துவார். வருகிற மாணவர்களிடம் முதல் நாளே ஒன்று சொல்வார்.

"ஆஸ்பத்திரில அபூர்வமான கண்ணா பாத்திருப்பீங்க. இங்க வர்றவங்க, 'பேப்பர் படிக்கறப்ப கை நீளம் பத்தலீங்க'ன்னு வருவாங்க. அவங்களச் சலிக்காமப் பாக்கக் கத்துக்கிட்டுப் போங்க."

அதற்கு முன்னால் ஒரு படி இருந்தது. எந்த மாணவரும் வாடிக்கையாளரைத் தொடும் முன் அக்காவின் கண்ணைச் சோதிக்க வேண்டும். அக்காவின் பவர் என்ன என்று மேடத்துக்கு மனப்பாடம். வலது மைனஸ் ஒன்றேமுக்கால், இடது மைனஸ் இரண்டேகால். மாணவர் அந்த இரண்டு எண்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டால், மறுநாள் முதல் வாடிக்கையாளரைப் பார்க்கலாம். வராவிட்டால் மறுபடியும் அக்காதான். தராசைச் சரிபார்க்க ஒரு எடைக்கல் வைத்திருப்பார்கள் இல்லையா, அப்படி.

எடைக்கல்லுக்கு இரக்கம் வந்துவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை.

அக்காவால் யாரும் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க முடியாது. அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுநர். அவருக்குச் சமையலில் ஆசை மட்டும் உண்டு, கைப்பக்குவம் கிடையாது. அவர் சமைத்த நாளில் அவள் கொண்டு வருகிற மதியச் சாப்பாட்டை நான் ஒரு வாய் வாங்கிப் பார்த்திருக்கிறேன். உப்பு நாக்கைப் பிடுங்கும். அவள் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போன் போட்டு, "இன்னிக்கு நல்லாருந்துச்சுங்க" என்பாள். கடையில் யாராவது எதையாவது உடைத்தால், "நான்தான் ஓரமா வெச்சுட்டேன்" என்று முந்திக்கொள்வாள். ஒருமுறை நான் உடைத்ததையும் அப்படி வாங்கிக்கொண்டாள். நான் சும்மா இருந்துவிட்டேன்.

இப்படிப்பட்டவளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே கை நடுங்குகிற ஒரு பிள்ளையை நிறுத்தினால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. கனமான சோதனைச் சட்டத்தை அவள் மூக்கில் மாட்டும்போதே பிள்ளைகளுக்கு வியர்க்கும். வட்ட லென்ஸ்களை ஒவ்வொன்றாகச் செருகி, "ஒண்ணு நல்லாருக்கா, ரெண்டு நல்லாருக்கா ஆன்ட்டி?" என்று கேட்பார்கள். இத்தனை வருடத்தில் எந்த இடத்தில் எதைச் சொன்னால் கணக்கு மைனஸ் இரண்டேகாலில் போய் நிற்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. சுவரில் இருந்த எழுத்துப் பலகையோ அவளுக்குத் தாலாட்டு மாதிரி ஆகிவிட்டது. மேசையைத் துடைக்கும்போதுகூடக் கடைசி வரியை முணுமுணுப்பாள். "டி, எச், ஸெட், வி, என்." கேட்டுக் கேட்டு எனக்கும் பாடம். மேடத்துக்கும் பாடம்.

அவள் பொய் சொல்கிறாள் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை, அவளும் நினைக்கவில்லை. கண் நன்றாகத்தானே இருந்தது? தெரிகிற எழுத்தைக் கொஞ்சம் சீக்கிரமாகப் படித்துவிடுகிறாள், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் எனக்கும் அவளுக்கும் நடந்த சண்டையைச் சொல்லியாக வேண்டும். ஃப்ரேம் நேராக இருக்கிறதா என்று பார்க்க அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வலது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கண்ணாடியைக் கைக்கெட்டும் தூரத்தில் பிடித்து, இடது கண்ணால் அதன் மேல்விளிம்பைப் பார்ப்பாள். ஒரு நாள் நான் மாட்டிக் கொடுத்த புதுக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு பின்னறைக்கு வந்தாள்.

"தம்பி, நடுவுல வளைஞ்சிருக்கு பாரு."

நான் வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தேன். நான்கு முனையும் பதிந்து நின்றது. "அக்கா, இதவிட நேரா வேணும்னா நீங்கதான் செய்யணும்" என்றேன்.

"செய்யறேன்" என்று எடுத்துக்கொண்டு போய், நேராக இருந்ததை நேராக்கினாள். மறுநாள் வாடிக்கையாளர் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் புருவத்திலும் மறுபக்கம் கன்னத்திலும் உட்கார்கிறது என்றார். நான் விடுவேனா? அடுத்த வாரத்திலும் அப்படியே ஒன்று வந்தபோது, "அக்கா, உலகமே கோணலா இருக்கு, நீங்க மட்டும்தான் நேரா இருக்கீங்க" என்று கடை முழுக்கக் கேட்கிறமாதிரி சொன்னேன். அவள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அந்தச் சமயம் கடையில் பயிற்சிக்கு இருந்தவன், தொட்டதையெல்லாம் கீழே போடுகிற பையன். வழுக்கல் என்று பேர் வைத்திருந்தேன். அவனும் கிளம்பும் முன் ஒருமுறை அக்காவைச் சோதித்து, இரண்டேகாலுக்குச் சரியாக வந்து, மேடத்திடம் நல்ல பேர் வாங்கிக்கொண்டு போனான்.

அவனுக்கு அடுத்து வந்தவள்தான் நிதானம்.

அதுவும் நான் வைத்த பேர்தான். அவள் "வணக்கம் சார்" சொல்லி முடிப்பதற்குள் நான் ஒரு லென்ஸைத் தேய்த்துவிடுவேன். பெட்டியில் இருக்கிற சோதனை லென்ஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து, துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, திரும்ப வைத்தாள். முதல் நாள் முழுவதும் அதிலேயே போனது. முந்தின கடையில் இந்த வேகம் சரிப்பட்டு வராது என்று பாதியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இங்கேயும் தேறாவிட்டால் அந்த வருடப் படிப்பு போச்சு. இதை அவள் அக்காவிடம் மட்டும் சொன்னாள். அக்கா அன்றைக்குச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டாள்.

"பாவம் தம்பி அந்தப் பொண்ணு. எப்படியும் கரையேத்தி விட்டுரணும்" என்று என்னிடம் வந்து சொன்னாள்.

"அவ கரைக்கு வந்து சேர்றதுக்குள்ள ஆறே வத்திரும்" என்றேன்.

சோதனை நாளன்று காலையில் நிதானம் என் அறை வாசலில் வந்து நின்றாள். "சார், கொஞ்சம் எண்ணெய் கிடைக்குமா?"

எழுத்துப் பலகை உண்மையில் ஒரு விளக்குப் பெட்டி. அதற்கு இரண்டு பக்கம். பக்கவாட்டில் இருக்கிற திருகைத் திருப்பினால் வேறு எழுத்துகள் முன்னே வரும். ஒரு கண்ணுக்கு ஒரு பக்கம், மறுகண்ணுக்கு மறுபக்கம் என்று அதற்காகவே செய்தது. ஆனால் அந்தத் திருகு எப்போதோ இறுகிப்போய், தொட்டால் பூனை மாதிரி கத்தும். வருடத்துக்கு ஒருமுறை வருகிற வாடிக்கையாளர் எழுத்தை மனப்பாடம் செய்துகொண்டா வருவார்? அதனால் யாரும் அதைத் திருப்புவதே இல்லை.

"அத எதுக்கு நோண்டற? அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றேன்.

"கண் மாத்தும்போது எழுத்தையும் மாத்தணும் சார். ஒரு தடவ மறந்துட்டு, காலேஜ்ல எல்லார் முன்னாடியும் திட்டு வாங்கிட்டேன்."

முணுமுணுத்துக்கொண்டே போய் எண்ணெய் விட்டு, இப்படியும் அப்படியும் திருகிப் பழக்கிக் கொடுத்தேன். வெண்ணெயாகத் திரும்பியது. சத்தமே இல்லை.

சோதனை தொடங்கியது. மேடம் எப்போதும் உட்காருகிற இடம் பலகைக்கு நேர் கீழே. அங்கிருந்தால் மாணவரின் கையும் தெரியும், அக்காவின் முகமும் தெரியும். தலைக்கு மேலே இருக்கிற பலகை மட்டும் தெரியாது. அதைப் பார்க்க வேண்டிய அவசியமும் அவருக்கு இருந்ததில்லை.

வலது கண் நன்றாக நடந்தது. ஆமை வேகம்தான், ஆனால் மைனஸ் ஒன்றேமுக்காலுக்கு வந்து சேர்ந்தாள். பிறகு கறுப்பு மூடியை வலது கண்ணுக்கு மாற்றினாள். இடது கண்ணில் விளக்கை அடித்துப் பார்த்தாள், லென்ஸைச் செருகினாள்.

"இப்பப் படிங்க ஆன்ட்டி."

அக்கா படித்தாள். மேல் வரியிலிருந்து கீழ் வரிவரை, மழை கொட்டுகிற மாதிரி. "டி, எச், ஸெட், வி, என்" என்று முடித்தபோது, 'சரி, பொண்ணு தப்பிச்சுட்டா' என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

நிதானம் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமலிருப்பது புதிதல்ல. ஆனால் இது நீண்டுகொண்டே போனது.

"மறுபடியும் ஒரு தடவ படிங்க ஆன்ட்டி."

அக்கா மறுபடியும் படித்தாள். ஒரு எழுத்து பிசகவில்லை.

மேடத்துக்குப் பொறுமை போய்விட்டது. "என்ன யோசனை? சரியாத்தானே படிச்சாங்க? மைனஸ் ரெண்டேகால்தானே வெச்சிருக்க? முடிச்சுட்டு வெளிய வா."

இந்த இடத்தில் நிதானம் "சரி மேடம்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் பாஸ். அந்த வருடம் தப்பியிருக்கும். எல்லோருக்கும் தெரிந்த விடை அவள் கையில் இருந்தது, மேடமே எடுத்துக் கொடுத்துவிட்டார், நோயாளியும் ஒத்துக்கொள்கிறாள். எதிர்த்துப் பேசுவதானால் கடையில் இருந்த மூன்று பேரையும் எதிர்த்துப் பேச வேண்டும். எங்கள் மூன்று பேருக்கும் அந்தப் பலகை மனப்பாடம். அதை நிஜமாகவே பார்த்துக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.

"மேடம், அவங்க படிச்சது அந்தப் பக்கத்து எழுத்து" என்றாள். "நான் பலகையத் திருப்பிட்டேன்."

எந்திரத்தை நிறுத்திவிட்டேன். மேடம் எழுந்து நின்று, தலையைத் திருப்பிப் பலகையைப் பார்த்திருக்க வேண்டும், நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அக்கா சிரித்தாள். "அட, திருப்பினியா கண்ணு? நான் கவனிக்கல பாரு. பழக்க தோஷத்துல வாய் பாட்டுக்குச் சொல்லிருச்சு. இரு, இப்பப் படிக்கறேன்."

பிறகு சத்தமே இல்லை. நான் தடுப்பைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்து கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். மேல் வரியில் ஒரே ஒரு எழுத்து, உள்ளங்கை அகலத்துக்கு.

"ஓ" என்றாள். "இல்ல, சி. இரு." பிறகு, அவள் எந்தப் பிள்ளையிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். "நீ லென்ஸத் தப்பாப் போட்டிருக்க கண்ணு."

நிதானம் லென்ஸை வெளியே எடுத்தாள். துடைத்தாள். எண்ணைப் பார்த்தாள். திரும்பச் செருகப் போனவள், நின்று, சட்டத்தையே மொத்தமாகக் கழற்றி வைத்துவிட்டாள். மேசைமேல் இருந்த அக்காவின் சொந்தக் கண்ணாடியை எடுத்து அவள் முகத்தில் மாட்டி, தன் உள்ளங்கையால் வலது கண்ணை மறைத்தாள்.

"இது உங்க கண்ணாடி ஆன்ட்டி. இதுல நான் எதுவும் போடல."

அக்கா வெகுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தாள். "நடுவுல ஏதோ அழுக்கு மாதிரி இருக்கு" என்றாள். குரல் இறங்கிப்போயிருந்தது. "போன தடவையும் இப்படித்தான் இருந்துச்சு. அந்தப் பையன் எதையாவது மாத்திப் போட்டுட்டான்னு நெனச்சேன். சொன்னா மேடம் கிட்ட மாட்டிப்பானேன்னு படிச்சுட்டேன்."

மேடம் நிதானத்தை நகரச் சொல்லிவிட்டு, மாணவர்கள் உட்காருகிற முக்காலியில் தானே உட்கார்ந்தார். நடுவில் புள்ளி வைத்த கட்டம் போட்ட அட்டையை அக்காவிடம் கொடுத்து, இடது கண்ணால் பார்க்கச் சொன்னார். கோடெல்லாம் தண்ணிக்குள் கிடக்கிற மாதிரி நெளிகிறது, புள்ளியைக் காணோம் என்றாள் அக்கா. எனக்குக் கோணல் ஃப்ரேம் ஞாபகம் வந்தது. மேடம் கருவியை எடுத்து, மூக்கும் மூக்கும் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, அந்தக் கண்ணுக்குள் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"உங்க கண்ண நான் கடைசியா எப்பக்கா பாத்தேன்?" என்று கேட்டார்.

அக்காவுக்கும் ஞாபகமில்லை. எப்படி இருக்கும்? ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு பிள்ளை பார்த்துவிடுகிறது. எல்லாம் சரி என்று எழுதிவிடுகிறது. மாணவனுக்குத் தேவையான விடையை அக்கா கொடுத்தாள், மேடத்துக்குத் தேவையான விடையை மாணவன் கொடுத்தான். நடுவில் கண் என்று ஒன்று இருந்ததை எல்லோரும் மறந்துவிட்டோம். எனக்கு அப்போது வந்த கோபம் யார்மேல் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

விழித்திரையின் நடுவில் ரத்தக்குழாய் கசிந்து நீர் கட்டியிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் தழும்பாகிவிடுமாம். அதற்கப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை. இப்போதும் போனது முழுக்கத் திரும்பும் என்று உறுதி கிடையாது. இருப்பதைக் காப்பாற்றக் கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும். ஒன்றோடு முடியாது, மாதாமாதம் வர வேண்டும்.

வீட்டுக்காரர் அன்று நீண்ட வழித்தடத்தில் இருந்ததால், முதல் ஊசிக்கு நான்தான் கூடப் போனேன். வெளியே வரிசை நாற்காலிகளில், ஊசி போட வேண்டிய கண்ணுக்கு மேல் குறி போட்டுக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் நெற்றியிலும் இடது பக்கம் பேனாவால் ஒரு குறி. அவள் கோபமாக இருந்தாள். கண் போனதைப் பற்றியல்ல.

"எல்லார் முன்னாடியும் என்னப் பொய்க்காரி ஆக்கிட்டா தம்பி. அவளுக்காகத்தானே நான் படிச்சேன்?"

"நீங்க படிச்சது அவளுக்கு வேணாமாம். உங்க கண்ணுதான் அவளுக்கு வேணுமாம்" என்றேன். கொஞ்சம் சுள்ளென்றே சொல்லிவிட்டேன்.

சொட்டு மருந்து விட்டுப் போனார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, எனக்கு அதுவரை தெரியாத ஒரு விஷயத்தைச் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் நர்ஸ் படிப்புக்குப் போயிருக்கிறாள். முதல்முதலாக ஊசி போடச் சொன்ன அன்று கை நடுங்கி, அந்த நோயாளி கத்திவிட்டார். ஒன்றும் பெரிய வலி இருந்திருக்காது, பயத்தில் கத்தியிருப்பார். தலைமை நர்ஸ் வந்து வார்டே பார்க்க அவள் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கிக்கொண்டாராம். அன்று சாயங்காலமே பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், திரும்பிப் போகவே இல்லை.

"அந்த ஆள் மட்டும் பல்லக் கடிச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா, நான் இந்நேரம் நர்ஸு" என்றாள். "அதான், என் நாற்காலி முன்னாடி எந்தப் பிள்ளையும் அழக் கூடாதுன்னு இருந்தேன்."

அவளுடைய கைப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளே கூப்பிட்டார்கள். ஊசி போட்ட டாக்டருக்குச் சின்ன வயது. "பயப்படாதீங்கம்மா" என்று அவர் சொன்னதற்கு, "நீங்க பயப்படாமப் போடுங்க தம்பி" என்று இவள் பதில் சொன்னது கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது.

நிதானத்தை மேடம் மறுநாளே வாடிக்கையாளர்களைப் பார்க்கச் சொல்லிவிட்டார். அவள் பாஸானதும், படிப்பை முடித்ததும் உண்மை. வேகம் மட்டும் கடைசிவரை வரவில்லை. அவளிடம் வந்த ஒரு பெரியவர் நாற்காலியிலேயே குறட்டை விட்டதை நான் பார்த்தேன். அக்கா சில நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு நாள் அந்தப் பெண், அக்காவின் மேசையில் கண்ணுக்கு நேராக அந்தக் கட்டம் போட்ட அட்டையை ஒட்டிவிட்டு, "வலது கண்ணால தெனமும் இதப் பாருங்க ஆன்ட்டி, அதுவாவது நல்லாருக்கணும்" என்றாள். சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். அக்கா எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டாள். எந்தப் பிள்ளையும் அழக் கூடாது என்ற விரதம் அன்றைக்கு முறிந்தது.

ஊசிகள் பலன் கொடுத்தன என்றுதான் சொல்ல வேண்டும். கசிவு நின்றது. கோடுகளின் நெளிவு குறைந்தது. ஆனால் இடது கண்ணுக்கு நான்காவது வரியோடு சரி. அதற்குக் கீழே எந்தக் கண்ணாடி போட்டாலும் ஏறாது. வீட்டுக்காரர் மட்டும், "கண்ணு எனக்குல்ல வேணும், நான்ல பஸ் ஓட்டறவன்" என்று அவளைச் சிரிக்கவைக்கப் பார்ப்பார். இரண்டாம் ஊசியிலிருந்து ஒவ்வொரு முறையும் அவர்தான் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனார். ஃப்ரேம் பார்க்க அவள் இப்போது இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்க்கப் பழகிக்கொண்டாள். கோணல் என்று அவள் கொண்டுவந்தால் நான் வாயைத் திறப்பதில்லை, முதலில் மேசையில் கவிழ்த்து வைத்துப் பார்க்கிறேன்.

மாணவர்களுக்கு இனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று மேடம் சொன்னார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "எல்லாம் நல்லாருக்கற கண்ண எவன் வேணாலும் பாப்பான். இதப் பாத்துப் பழகட்டும்" என்றாள். மேடம் ஒரு நிபந்தனை போட்டார். மாணவர் முடித்ததும் தானும் ஒருமுறை முழுதாகப் பார்ப்பார், ஒவ்வொரு தடவையும்.

அடுத்து வந்தவன் ஒரு ஒல்லிப் பையன். சட்டைக் காலர் நனைகிற அளவுக்கு வியர்வை. முந்தின வாரம்தான் மேடம் அக்காவை உட்காரவைத்துத் தனியாகச் சோதித்திருந்தார். அந்த விடையை அவனிடம் சொல்லவில்லை, அக்காவும் சொல்லக் கூடாது என்றுவிட்டார். வலது கண் முடிந்து, மூடியை மாற்றி, திருகைத் திருப்பினான். நான் எந்திரத்தை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

அக்கா நான்காவது வரிவரை தட்டுத்தடுமாறிப் படித்தாள். பையன் லென்ஸை மாற்றினான். அடுத்த வரியைக் கேட்டான். பதில் வராததால் மறுபடி மாற்றினான். ஏதோ ஒன்று அவன் கையிலிருந்து விழுந்து உருண்டு போனது. "ஒண்ணு நல்லாருக்கா ஆன்ட்டி, ரெண்டு நல்லாருக்கா?" என்று கேட்கும்போதே குரல் உடைந்தது. தான்தான் எங்கோ சொதப்பிவிட்டோம் என்று அவன் முடிவே கட்டிவிட்டான்.

அக்காவுக்கு இப்போது இரண்டு பக்கமும் பாடம். எனக்குத் தெரியும். அன்று காலையில்தான் மேசையைத் துடைத்துக்கொண்டே புதுப் பக்கத்தின் கடைசி வரியை முணுமுணுத்தாள். நாக்கு நுனியில் நின்றிருக்கும். படித்துவிட்டால் பையன் பிழைத்தான். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

"தெரியல கண்ணு" என்றாள் அக்கா.

பையன் மறுபடியும் லென்ஸ் பெட்டியைத் துழாவுகிற சத்தம் கேட்டது. அக்கா அவன் கையைப் பிடித்திருக்க வேண்டும், சத்தம் நின்றது.

"நடுங்காத. நீ போட்டது சரிதான், உன் மேல தப்பில்ல. எனக்குத்தான் தெரியல. தெரியலைன்னே எழுதிக்கோ."